பெண் பறவையின் பதில்

சுவிஸில் கடல் கிடையாது. அப்படியிருந்தும் கடற்பறவைகள் கத்துவதைக் கேட்பதற்கு எனக்கு மாதாமாதம் சம்பளம் தருகிறார்கள். சூரிச்சில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்குழுவில் அறுபது வீத வேலை. அதாவது கிழமையில் மூன்று நாட்கள். "மகள் என்ன செய்யிறா?" என்று கோயிலில் யாராவது கேட்டால், அம்மா "யூனியில கொம்பியூட்டர் வேலை" என்று சொல்லிக் கதையை முடித்துவிடுவார். பறவை என்று வாய் திறந்தால் "அதுக்கெண்டோ இவ்வளவு படிச்சவ?" என்று அடுத்த கேள்வி வரும் என்பது அவருக்குத் தெரியும்.

வேலை இதுதான். மத்தியதரைக் கடலில் ஒரு பாறைத் தீவு. அங்கே பறவைகளின் வளைகளுக்குப் பக்கத்தில் ஒலிப்பதிவுக் கருவிகளை வைத்திருக்கிறார்கள். அவை பதிந்ததெல்லாம் எங்களிடம் கோப்புகளாக வந்து சேரும். காலை ஒன்பது மணிக்குக் கோப்பியோடு உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒலி திரையில் சாம்பல் நிறக் கோடுகளாக ஓடுவதைப் பார்த்தபடி கேட்பேன். ஒரு பறவை கத்தினால் அந்த இடத்தைச் சுற்றி ஒரு பெட்டி வரைவேன். பெட்டிக்கு மேல் குறிப்பேன்: ஆண், பெண், சோடி, தெரியவில்லை. அந்தப் பெட்டிகளைப் பார்த்துப் பார்த்துக் கணினி பழகிக்கொள்ளும். 'தெரியவில்லை' என்று நான் குறித்தது மிகவும் குறைவு. என் காதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

பறவைக்கு ஜெர்மன் மொழியில் உள்ள பெயருக்குப் புயலில் மூழ்குபவன் என்று பொருள். தமிழில் அதற்குப் பெயர் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆகவே புயல்மூழ்கி என்று நானே வைத்துக்கொண்டேன், யாரும் ஆட்சேபிக்கவில்லை. அது வாழ்நாளில் பெரும்பகுதியைத் தண்ணீருக்கு மேலே கழிக்கிறது. முட்டையிடத்தான் கரைக்கு வரும். கரையில் அதன் நடை சகிக்காது, வயிற்றைத் தேய்த்துத் தேய்த்துப் போகும். பகலில் வந்தால் பெரிய கடற்காகங்கள் கொத்திக் கொன்றுவிடும். அதனால் நன்றாக இருட்டிய பிறகே வருகிறது. இருட்டில் சிறகின் நிறம், கழுத்தின் வளைவு, ஆடும் ஆட்டம் எதுவும் எடுபடாது. குரல் ஒன்றுதான் மிச்சம்.

சோடியில்லாத ஆண் தன் வளைக்குள் இருந்துகொண்டு கத்தும். மேலே பறக்கும் பெண் அதைக் கேட்கும். இவன் திடமானவனா, நோஞ்சானா, வளையில் நிலைத்து இருப்பானா என்பதையெல்லாம் அவள் அந்தக் கத்தலை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். பிடித்தால் இறங்குவாள். சோடி சேர்ந்தபின் இரண்டும் வளைக்குள் மாறி மாறிக் கத்தும். குளிர்காலம் முழுக்கப் பிரிந்து, ஆளுக்கொரு கடலில் திரிந்துவிட்டு, அடுத்த வருடம் அதே தீவுக்கு வந்து ஒன்றையொன்று குரலால் கண்டுபிடிக்கும். அடைகாக்கும் பெண், வேறு ஆண்கள் வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் பேசாமல் இருப்பாள். தன்னுடையவன் வந்து ஒரு தரம் கத்தினால் போதும், பதில் சொல்லுவாள். முதல் தடவை இதைக் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அலுவலகத்தில் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

இன்னொரு விஷயம். இந்தப் பறவையில் ஆணின் குரல்தான் மெல்லியது, தெளிவானது. பெண்ணின் குரல் கட்டையாக, கரகரவென்று இருக்கும். எங்கள் குழுவுக்குப் புதிதாக வருகிற எல்லோரும் முதல் நாள் தலைகீழாகக் குறித்துவிட்டு அசடு வழிவார்கள். நான் அப்படிக் குறிக்கவில்லை. அதற்கு என் வீடுதான் காரணம். அப்பாவுக்குக் கீச்சுக் குரல். அம்மாவுக்குத் தொண்டையில் மணல் போட்டது போன்ற குரல். வீட்டுக்குத் தொலைபேசி எடுப்பவர்கள் அம்மாவை "அண்ணை" என்று கூப்பிட்டு வாங்கிக் கட்டியது எத்தனையோ தரம்.

அப்பா போய்ப் பதினொரு வருடமாகிறது. அதற்குப் பிறகு அம்மாவின் பேச்சு சுருங்கிவிட்டது. அவர் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறார். வீட்டில் அவர் என்னிடம் சொல்வதை விரல் விட்டு எண்ணலாம். சாப்பிட்டியோ, லைட்டை நிப்பாட்டு, வாறன், போறன், சப்பாத்தை அங்கால வை. அவர் அப்படித்தான் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். எனக்கு அப்போது முப்பத்தொரு வயது, எதிலும் முடிவு கட்டுவதில் நான் கெட்டிக்காரி.

போன வருடம் இலைதுளிர் காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அம்மா தன் கைத்தொலைபேசியைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் என் முன்னால் வைத்தார்.

"நீ குரல் கேட்டுத்தானே சம்பளம் எடுக்கிறாய். இதையும் ஒருக்காக் கேட்டுச் சொல்லு."

"ஆற்ற குரல்?"

"வில் எண்ட ஊரில இருக்கிறவர். கோயில் அன்னதானத்துக்கு என்னோட சமைச்சவர். மனுசி செத்து ஆறு வருசம். பிள்ளையள் இல்லை." அம்மா ஒரு மூச்சு எடுத்துக்கொண்டார். "கட்டுவமோ எண்டு கேக்கிறார்."

ஐம்பத்தேழு வயது அம்மா. நெற்றியில் ஒன்றும் வைக்காமல், கோயிலில் பின்வரிசையில் நிற்கிற அம்மா. என்ன கேட்பது, எங்கே தொடங்குவது என்று தெரியாமல், தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தேன். வேலைப் பையிலிருந்து ஹெட்போனை எடுத்து மாட்டினேன்.

"நீ என்ன சொல்லுறியோ அதுதான்" என்று சொல்லிவிட்டு அம்மா போய்ச் சட்டி கழுவத் தொடங்கினார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஒரே சட்டியைத்தான் கழுவினார்.

அவருடைய குரல்பதிவுகள் திரையில் இடப்பக்கம் வெள்ளையாக வரிசையில் இருந்தன. அம்மாவுடையவை வலப்பக்கம் பச்சையாக. பச்சையை நான் தட்டவில்லை. அம்மாவின் குரல் எனக்குத் தெரியாததா? மதிப்பிட வேண்டியது மாப்பிள்ளையை. வேலையிலும் அப்படித்தானே, வளை வாசலில் கத்துகிற ஆணைத்தானே முதலில் பிரித்தெடுக்கிறோம்? வெள்ளைகளை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டேன்.

"வணக்கம். அண்டைக்கு நீங்கள் வைச்ச கத்தரிக்காய்க் குழம்புக்கு என்ன தூள் போட்டனீங்கள்?" நீண்ட இடைவெளி. "நான் வைச்சுப் பாத்தன். சரிவரேல்லை." இன்னொரு இடைவெளி. "ஓம். அவ்வளவுதான்." எல்லாம் இதே மாதிரித்தான். ஒரு வசனம், ஒரு பள்ளம், ஒரு வசனம். எழுதி வைத்து வாசிக்கிறாரோ என்று சந்தேகம் வந்தது. சிரிப்பில்லை, ஏற்ற இறக்கமில்லை. கடைசிப் பதிவு என்னை எரிச்சல்படுத்தியது. "நீங்கள் சொல்லுறது சரிதான்." பள்ளம். "அப்பிடியே செய்யுங்கோ. நான் ஒண்டும் நினைக்கமாட்டன்."

ஹெட்போனைக் கழற்றினேன்.

"அம்மா, இந்த ஆள் சரிவராது. தனக்கெண்டு ஒரு சொல்லில்லாத மனுசன். எதையோ மறைச்சுக் கதைக்கிறார். உங்களுக்கு ஏன் இந்த வயதில இந்தக் கரைச்சல்?"

அம்மா தண்ணீரை நிறுத்தினார். "சரி பிள்ளை" என்றார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து தொலைபேசியை எடுத்துப் பைக்குள் வைத்தார். நான் வழக்கு வென்ற அப்புக்காத்து மாதிரி மிச்சச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தேன்.

அடுத்து வந்த கிழமைகளில் அம்மா சாப்பிட்டியோ என்றுகூடக் கேட்கவில்லை. சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனார். வேலைக் களைப்பு என்று நான் நினைத்துக்கொண்டேன். உண்மையில், அப்படி நினைத்துக்கொள்ள விரும்பினேன்.

இதே நாட்களில் அலுவலகத்தில் ஒரு வளை என்னைத் தொல்லைப்படுத்திக்கொண்டிருந்தது. அதிலிருந்த ஆண் பருவம் தொடங்கியதிலிருந்து கத்திக்கொண்டே இருந்தான். நல்ல குரல். ஆனால் கத்துவதில் ஒழுங்கில்லை. கத்துவான், நிறுத்துவான், திரும்பவும் கத்துவான். சோடியில்லாதவன் இப்படி இடையில் நிறுத்திக்கொண்டிருந்தால் எவள் இறங்குவாள் என்று திட்டிக்கொண்டே ஒவ்வொரு கோப்பிலும் 'தனி ஆண்' என்று குறித்து வந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை கணினியில் மென்பொருளைப் புதுப்பித்தார்கள். என் அமைப்புகள் எல்லாம் அழிந்துபோயின. அது தெரியாமல் கோப்பைத் திறந்தால் காதுக்குள் புயல் அடித்தது. அந்தத் தீவில் காற்று ஓயாது; அந்த இரைச்சலை நாள் முழுக்கக் கேட்டால் தலையிடி வரும் என்று, வேலைக்கு வந்த முதல் மாதமே கட்டையான ஒலிகளையெல்லாம் வெட்டிவிடுமாறு வடிகட்டியை வைத்திருந்தேன். கொஞ்சம் தாராளமாகவே வைத்திருந்தேன். அதைத் திரும்பப் போடக் கையை நீட்டியபோது அவன் கத்தி நிறுத்தினான். அந்த இடைவெளியில், காற்றுக்கு அடியில், வளைக்குள் ஆழத்திலிருந்து, கரகரவென்று ஒரு குரல் வந்தது.

கையை எடுத்துவிட்டேன். திரும்பக் கேட்டேன். அவன் நிறுத்துகிற இடமெல்லாம் அவள் இருந்தாள். அவன் ஒழுங்கில்லாமல் கத்தவில்லை, அவளுக்கு இடம் விட்டுக் கத்தியிருக்கிறான். பழைய கோப்புகளை வடிகட்டி இல்லாமல் ஒவ்வொன்றாகத் திறந்தேன். பருவத்தின் முதல் கிழமையிலிருந்தே அவள் அங்கே இருந்திருக்கிறாள். வளைக்குள் இருந்ததால் மெல்லக் கேட்ட அவளுடைய குரலை, கட்டைக் குரல் என்பதற்காகவே காற்றோடு சேர்த்து வெட்டி எறிந்தது நான். கட்டைக் குரல் பெண்ணுடையது என்று மற்றவர்களுக்குப் படிப்பித்தவளும் நான்தான்.

குழுத் தலைவியிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் கறுக்கவில்லை. "சரி, மார்ச் மாதக் கோப்பிலிருந்து திரும்பத் தொடங்கு" என்று சொல்லிவிட்டுத் தன் கோப்பியைக் குடித்தார். மூன்று மாத வேலை. அதைவிட வேறொன்று என்னை அரித்தது. அன்றைக்கு நாலு மணிக்கே அலுவலகத்தை விட்டு வெளிக்கிட்டு டிராம் ஏறினேன்.

அம்மா உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, நீங்கள் அவருக்கு அனுப்பினதை நான் கேக்கேல்லை. ஒண்டையும் கேக்கேல்லை."

"இப்ப என்னத்துக்கு அது? நான் அவருக்கு வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன்."

"தாங்கோ."

கத்தியை வைத்தார். பிறகு பையைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டார். "கேள். கேட்டுப்போட்டு என்னட்ட ஒண்டும் கதைக்காத."

இந்தத் தடவை வெள்ளையும் பச்சையும் வந்த ஒழுங்கில் கேட்டேன். கத்தரிக்காய்க் குழம்புத் தூளுக்கு அம்மா நாலு நிமிடம் பதில் சொல்லியிருந்தார். நாலு நிமிடம்! இடையில் தன் வேலையிடத்துச் சமையல்காரன் சுவிஸ் ஜெர்மனில் கத்துவதை அப்படியே செய்து காட்டியிருந்தார். அவன் மூக்கால் கதைப்பது, மூச்சு வாங்குவது எல்லாம் அச்சொட்டாக இருந்தது. அம்மாவுக்கு இப்படிப் பிறத்தியாரைப் போலக் கதைத்துக் காட்ட வரும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பிறகு தானே சிரித்தார். மணல் சரிகிற மாதிரி ஒரு சிரிப்பு. முழங்கால் வலியால் இரண்டு மாதமாக ஊசி போடுகிறதை அவரிடம் சொல்லியிருந்தார். என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்டதில்லை.

கடைசிப் பச்சை வந்தது.

"என்ர மகளிட்ட உங்கட வொய்ஸுகளைக் குடுக்கப்போறன். அவ வேண்டாமெண்டா நான் இதை விட்டிடுவன். நீங்கள் கோவிக்கக்கூடாது. தகப்பன் போனாப்பிறகு அவவும் நானும்தான். அவவை நோகடிச்சுப்போட்டு எனக்கொரு வாழ்க்கை வேண்டாம்."

அதற்குக் கீழே அந்த வெள்ளை. "நீங்கள் சொல்லுறது சரிதான்." பள்ளம். அந்தப் பள்ளத்தில் அவர் எச்சில் விழுங்குவது கேட்டது. "அப்பிடியே செய்யுங்கோ. நான் ஒண்டும் நினைக்கமாட்டன்."

தனக்கென்று ஒரு சொல்லில்லாத மனிதன் என்று நான் தீர்ப்பு எழுதியது இந்தப் பதிலை வைத்துத்தான். குளியலறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். அன்றைக்கு நான் கேட்டது குரலை அல்ல. அம்மா போய்விட்டால் இந்த வீட்டில் நான் தனியே இருக்க வேண்டும் என்ற பயம் இருந்தது. கோயிலில் "இந்த வயதில என்னவாம்" என்று கதைப்பார்கள் என்ற வெட்கமும் இருந்தது. அதற்கெல்லாம் என் படிப்பைச் சட்டையாகப் போட்டுவிட்டேன்.

வெளியே வந்து, "அவருக்குச் சொல்லுங்கோ, எனக்குச் சம்மதமெண்டு" என்றேன்.

"விசரே உனக்கு?" அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "வேண்டாமெண்டு சொல்லிப்போட்டு இனி நானாப் போய் என்னெண்டு கேக்கிறது? பொம்பிளைக்கு ஒரு பகுதி இருக்கவேணும், அவை போய்க் கேக்கவேணும். எனக்கு ஆர் இருக்கினம்? ரெனான்ல, பிரெஞ்சுப் பக்கத்தில, உன்ர மாமா இருக்கிறார். அவருக்குத் தெரிஞ்சா வீட்டு வாசல்படி மிதிக்கமாட்டார். இந்தக் கதையை விடு."

நான் விடவில்லை. எங்கள் ஆட்கள் சம்பந்தம் பேசுகிற முறையில் பெண் வீட்டார்தான் முதலில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டும். முறைக்கு ஒரு தாய்மாமன், ஒரு சித்தப்பா, கதை தெரிந்த ஒரு பெரியவர் என்று நாலு பேராவது போவார்கள். அந்த நாலு பேரும் நான்தான் என்று தீர்மானித்தேன். அம்மா குளிக்கப் போன நேரத்தில் அவரின் தொலைபேசியிலிருந்து அந்த மனிதருடைய இலக்கத்தைக் களவாக எடுத்து, 'சனிக்கிழமை வரலாமோ? மகள்' என்று எழுதினேன். பதிலாக முகவரி மட்டும் வந்தது.

சனிக்கிழமை காலை லாங்ஸ்ட்ராஸ தெருவில் உள்ள தமிழ்க் கடைக்குப் போனேன். அம்மா இருபது வருடமாக அரிசி வாங்குகிற கடை. வாரக் கடைசி என்பதால் நல்ல சனம். வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம் எடுத்துக்கொண்டு போய் மேசையில் வைத்தேன். கடைக்கார அக்காவின் கண் வெற்றிலையில் விழுந்தது.

"என்ன, வீட்டில விசேசமோ?"

"ஓம் அக்கா. சம்பந்தம் பேசப் போறன்."

"நல்லது, நல்லது. உமக்கோ?"

"இல்லை. அம்மாவுக்கு."

கொஞ்சம் பலமாகவே சொல்லிவிட்டேன். பருப்புப் பக்கம் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவின் கை பழத்தின் மேல் அப்படியே நின்றது. நான் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் அவர் வெற்றிலைக் கட்டை எடுத்துப் பார்த்து, வாடிய இரண்டு இலைகளை உருவி எறிந்துவிட்டு, உள்ளே போய் வேறு நல்ல கட்டு ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். நன்றி சொல்லிவிட்டு ரயிலைப் பிடித்தேன்.

வில் நகரில் அவர் இருப்பது ஒரு தொடர்மாடியின் மூன்றாம் தட்டில். கதவைத் திறந்தார். அயன் போட்டு மினுக்கின சேர்ட், நரைத்த மீசை, வாசலில் ஒரே ஒரு சோடிச் சப்பாத்து. தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே இருந்தார். "வாங்கோ பிள்ளை" என்றார். பிறகு அந்தப் பழைய பள்ளம். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான வேலைகளில் அதுவும் ஒன்று.

"குறை நினைக்காதேங்கோ" என்றார். "ஃபக்டரியில ப்ரெஸ் மெஷின். அது அடிச்சு முடியுமட்டும் பொறுத்துத்தான் ஒரு வசனம் கதைக்கலாம். இருபத்திரண்டு வருசம். வீட்டிலயும் அப்பிடியே வந்திட்டுது."

"அங்கிள், நான் பொம்பிளை வீட்டால வந்திருக்கிறன்."

எழுந்து, கொண்டுவந்த தட்டில் வெற்றிலையையும் பாக்கையும் பழத்தையும் வைத்து அவர் முன்னால் நீட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். வெற்றிலையைப் பார்த்தார். இரண்டு தரம் மெஷின் அடித்து ஓய்கிற நேரம் போயிற்று.

"அம்மா அனுப்பினவவோ?"

"இல்லை. அவவுக்குத் தெரியாது. வேண்டாமெண்டு சொல்லச் சொன்னது நான். உங்கட குரலைக் கேட்டுப்போட்டுப் பிழையாச் சொல்லிப்போட்டன். அவ உங்களோட கதைக்கிற மாதிரி என்னோட ஒருநாளும் கதைச்சதில்லை. அது நிக்கக்கூடாது. அதுக்குத்தான் வந்தனான்."

நான் நீட்டிய தட்டை அவர் வாங்கவில்லை. எழுந்துபோய்த் தொலைபேசியை எடுத்துவந்தார். "அவ சொல்லாமல் நான் இதைத் தொடமாட்டன்" என்றார். இவரைத்தான் தனக்கென்று ஒரு சொல் இல்லாதவர் என்றேன். ஸ்பீக்கரைப் போட்டு மேசையில் வைத்தார். மணி நாலு தரம் அடித்தது.

"ஹலோ?" அம்மாவின் குரல் இறுகிப் போயிருந்தது.

"நான்தான்" என்றார். "உங்கட மகள் இஞ்ச வந்திருக்கிறா. பொம்பிளைப் பகுதியாம்."

மறுபக்கம் தூரத்தில் டிராம் போவது மட்டும் கேட்டது. அவர் எதையும் சொல்லி அந்த இடைவெளியை நிரப்பவில்லை, பொறுத்திருந்தார். அம்மா மூக்கை உறிஞ்சினார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"வெத்திலை கொண்டந்தவளோ?"

"ஓம். கொண்டந்திருக்கிறா."

"அப்ப ஏன் பிள்ளையை நிக்க வைச்சுக்கொண்டிருக்கிறியள்? வாங்குங்கோ."

அவர் இரண்டு கையையும் காற்சட்டையில் துடைத்துவிட்டு நீட்டினார்.